மரத்தில் குடில்: முகத்தை விடுங்கள், முதுகைப் பாருங்கள்

மரத்தில் கிறிஸ்துமஸ் குடில் பொம்மை செய்ய ஆசைப்பட்டு உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முகத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். மாதாவின் கண் ஒன்று மேலே ஒன்று கீழே, சூசையப்பரின் மூக்கு பெயர்ந்துவிட்டது, ராஜாவைப் பார்த்தால் திருடன் களை, சரி நமக்கு இது வராது என்று கத்தியை எடுத்து உள்ளே வைத்துவிடுகிறார்கள். 12 சென்டிமீட்டர் உயரப் பொம்மையில் தலை 2 சென்டிமீட்டருக்கும் குறைவு. அதில் ஒரு கண்ணின் அகலம் சுமார் 2 மில்லிமீட்டர். அந்த அளவுக்கு இறங்கினால் மரத்தின் நார் நம் பேச்சைக் கேட்காது, வெட்ட வேண்டிய இடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். வருடக்கணக்கில் கை பழகியவர்கள் செய்கிறார்கள், உண்மைதான். நாம் செய்யத் தேவையில்லை என்பதுதான் என் கட்சி.

ஏன் என்றால், குடிலை யாரும் கண்ணருகே வைத்துப் பார்ப்பதில்லை. நாலடி தள்ளி நின்று பார்க்கிறார்கள். அங்கிருந்து தெரிவது குனிந்த முதுகு, சாய்ந்த தலை, மார்போடு சேர்த்துப் பிடித்த கை, இவ்வளவுதான். எல்லா உருவமும் ஒரே புள்ளியை நோக்கிச் சாய்ந்திருந்தால் முகமே இல்லாவிட்டாலும் அது குடில். எல்லா முகமும் அழகாக இருந்து, ஆளாளுக்கு வாசலைப் பார்த்து விறைப்பாக நின்றால் அது குரூப் போட்டோ.

அதனால் நான் முதலில் செதுக்குவதே இல்லை, வரைகிறேன். ஒரு தாளில், குழந்தையைக் கிடத்தும் தீவனத் தொட்டி இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி. அதைச் சுற்றி அரைவட்டமாக ஆட்கள். ஒவ்வொருவரின் தலையிலிருந்தும் அந்தப் புள்ளிக்கு ஒரு கோடு. உயரமாக நிற்பவரின் கோடு செங்குத்தாக இறங்கும், அவர் நன்றாகக் குனிய வேண்டும். மண்டியிட்டவரின் கோடு கிட்டத்தட்டப் படுத்திருக்கும், அவருக்குக் கழுத்தை லேசாகத் தாழ்த்தினால் போதும். இந்தக் கோணங்களை வைத்துத்தான் ஒவ்வொருவரின் பக்கவாட்டுத் தோற்றத்தையும் வரைய வேண்டும். முன்பக்கம் பெரிய விஷயம் இல்லை, அங்கி போட்ட ஆள் முன்னாலிருந்து பார்த்தால் ஒரு நீள்வட்டம்தான்.

இதைச் செய்யும்போதே அளவுக் கணக்கையும் முடித்துவிடுங்கள். நிற்கும் ஆண் 12 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், நிஜத்தில் 14 சென்டிமீட்டர் இருப்பது உங்களிடம் 1 சென்டிமீட்டர். மண்டியிட்டவர் 8 அல்லது 9. பிறந்த குழந்தை நிஜத்தில் 50 சென்டிமீட்டர், ஆக மூன்றரை. ஆட்டின் தோள் உயரம் 5, கழுதை 8, மாடு 10, ஒட்டகத்தின் திமில் 15. பலரும் குழந்தையை இதைவிடப் பெரிதாகச் செய்வார்கள். அது தப்பு என்று சொல்லமாட்டேன், நானும் 4 வரை போவேன், சின்னதாக இருந்தால் வைக்கோலில் காணாமல் போய்விடுகிறது. ஆனால் ஆடு கழுதை உயரத்துக்கு வந்துவிட்டால் மட்டும் கண்ணை உறுத்தும்.

எத்தனை பேர் வேண்டும் என்பதில் ரொம்ப அலட்டிக்கொள்ள வேண்டாம். மத்தேயு நற்செய்தியில் கிழக்கிலிருந்து வந்த ஞானிகள், அதாவது நம் குடிலின் ராஜாக்கள், எத்தனை பேர் என்றே சொல்லப்படவில்லை, பொன், தூபம், வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்று என்பதால் ஆளும் மூன்றாகிவிட்டார்கள். மாடும் கழுதையும் மத்தேயுவிலும் இல்லை, லூக்காவிலும் இல்லை. காளை தன் உடைமையாளனையும் கழுதை தன் எஜமானின் முன்னணையையும் (தீவனத் தொட்டியையும்) அறியும் என்று ஏசாயா முதல் அதிகாரத்தில் வரும் வசனத்தோடு சேர்த்துப் பார்க்கப்பட்டு, அவை இரண்டும் கலைக்குள் நுழைந்தவை. ஆனால் நுழைந்தது ரொம்பச் சீக்கிரம். இத்தாலியின் மிலான் நகரில், புனித அம்புரோஸ் ஆலயத்தில் 4-ஆம் நூற்றாண்டின் கல் சவப்பெட்டி ஒன்று இருக்கிறது. அதில் செதுக்கிய பிறப்புக் காட்சியில் மாதா இல்லை, சூசையப்பர் இல்லை. துணியில் சுற்றிய குழந்தை, ஒரு மாடு, ஒரு கழுதை, முடிந்தது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். முதல் வருடம் குழந்தை, மாடு, கழுதை. அடுத்த வருடம் மாதா, சூசையப்பர். இடையர், ராஜாக்கள் எல்லாம் மெதுவாக வரட்டும், அவர்கள் எப்படியும் தூரத்திலிருந்து நடந்து வர வேண்டியவர்கள்தானே.

மரம். நார் நேராக ஓடும் மெத்தென்ற மரம் வேண்டும். ஐரோப்பாவில் சிற்பிகள் பல நூற்றாண்டுகளாக லிண்டன் மரத்தை விரும்புவது அதன் நார் நெருக்கமாகவும் ஒரே சீராகவும் இருப்பதால்தான். எந்தப் பக்கம் வெட்டினாலும் ஓரளவு ஒத்துழைக்கும். அதன் அமெரிக்க உறவான பாஸ்வுட்டும் அப்படித்தான், செதுக்கு மரம் என்று கேட்டால் இணையத்தில் கிடைப்பது பெரும்பாலும் இதுவே. வடக்கு இத்தாலியின் கார்தேனா பள்ளத்தாக்கில் 17-ஆம் நூற்றாண்டிலிருந்தே வீடு வீடாகச் செதுக்குவது தொழில், அங்கே ஆல்ப்ஸ் மலையில் வளரும் ஒருவகைப் பைன் மரம், வெட்டினாலே வாசனை அடிக்கும். நம்மிடம் இருப்பதில் குமிழ் நல்லது, வெட்பாலையும் நல்லது. வெட்பாலை தந்த நிறத்தில் இருக்கும், கடைசல் பொம்மைகளுக்கு நீண்ட காலமாகப் பயன்படும் மரம். தேக்கு கௌரவமான மரம்தான், ஆனால் அதில் சிலிக்கா இருப்பதால் கத்தி முனை சீக்கிரம் மழுங்கும், அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் கொடுக்கும். முதல் பொம்மைக்கு வேண்டாம். பேக்கிங் பெட்டியில் வரும் பைன் பலகையை நிறையப் பேர் எடுக்கிறார்கள். அதில் வெளிர் பட்டை மெத்தென்றும் கரும் பட்டை கெட்டியாகவும் மாறி மாறி வருவதால் கத்தி ஒரு இடத்தில் வழுக்கிக்கொண்டு போகும், அடுத்த இடத்தில் மாட்டிக்கொள்ளும். பெட்டிப் பலகையைத் தொழுவத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மரத்தை எடுத்ததும் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள், ஏனென்றால் மீதி எல்லாவற்றையும் அதுதான் தீர்மானிக்கிறது. நிற்கும் உருவத்துக்கு நார் தலையிலிருந்து பாதத்துக்கு ஓட வேண்டும். அப்போது பக்கவாட்டில் நீட்டிய கை நாருக்குக் குறுக்கே வரும், தொட்டாலே முறியும். கையை உடம்போடு ஒட்டி வையுங்கள், அல்லது தனித் துண்டில் நார் கையின் நீளத்தில் ஓடும்படி செதுக்கி ஒட்டுங்கள். இடையனின் கோலையும் அப்படியே தனியாகச் செருக வேண்டியதுதான். ஆடுதான் உண்மையான தலைவலி. உடம்பு கிடையாக நீளம், கால் நான்கும் செங்குத்து. உடம்பின் நீளத்துக்கு நாரை வைத்தால் கால் நான்கும் உடையும். அதனால் நாரைக் காலின் திசையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், உடம்பு தடிமனாக இருப்பதால் குறுக்கு நாரைத் தாங்கிவிடும். இதைவிடச் சுலபமான வழி, படுத்திருக்கும் ஆடு. காலே வேண்டாம். இன்னொன்று, உடம்பை மட்டும் செதுக்கி நான்கு துளை போட்டுத் தீக்குச்சியைச் செருகுவது. பழைய ஜெர்மன் பொம்மை ஆடுகளில் இந்த வழி உண்டு, ஏமாற்று வேலை என்று யாராவது சொன்னால் அதைச் சொல்லுங்கள்.

ஜெர்மனி என்றதும் இன்னொன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. சாக்சனி மாநிலத்தின் மலைப்பகுதியில் சைஃபென் என்று ஒரு சின்ன ஊர். சுரங்கத் தொழில் தேய்ந்தபோது மக்கள் மரப் பொம்மைக்கு மாறினார்கள். அங்கே 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஒரு வித்தை வழக்கத்தில் இருக்கிறது. ஈரமான ஸ்ப்ரூஸ் மரத்தின் குறுக்குவெட்டு வட்டை ஒன்றைக் கடைசல் இயந்திரத்தில் மாட்டி, சுற்றச் சுற்ற உளியால் பள்ளமும் மேடுமாகக் கடைகிறார்கள். பார்ப்பதற்கு என்னவென்றே புரியாத ஒரு வளையம் வரும். அந்த வளையத்தை நார் வழியாகத் தட்டிப் பிளந்தால் ஒவ்வொரு துண்டின் வெட்டு முகமும் ஒரு பசு, அல்லது ஒரு ஆடு, அல்லது ஒரு குதிரை. ஒரு வளையத்தில் ஒரு மந்தையே ஒளிந்திருக்கும். கடைகிறவர் கடையும்போது அந்த விலங்கைப் பார்க்கவே முடியாது, வெளிக்கோடு முழுவதும் அவர் கைக்குள் இருக்கிறது. பிளந்த பிறகு காதும் வாலும் ஒட்டி, ஓரத்தை உருட்டி, வண்ணம் பூசுகிறார்கள். வீட்டில் இதைச் செய்யச் சொல்லவில்லை, கடைசல் இயந்திரமும் பல வருடப் பயிற்சியும் வேண்டும். ஆனால் கண் இல்லாமல், மூக்கு இல்லாமல், வெறும் வெளிக்கோட்டை வைத்தே அது பசுவா ஆடா என்று குழந்தைகூடச் சொல்கிறது பாருங்கள், அதைத்தான் நான் தொடக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டில் அதற்கு நெருக்கமாக ஒன்றைச் செய்யலாம். சதுரக் கட்டையின் முன்பக்கத்தில் முன் தோற்றம், பக்கத்தில் பக்கத் தோற்றம், இரண்டையும் வரைந்துகொள்ளுங்கள். தலையும் பாதமும் இரண்டு படத்திலும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். கோப்பிங் ரம்பத்தால், அதாவது வளைவுகளை அறுக்கும் மெல்லிய ரம்பத்தால், முதலில் முன் தோற்றத்தை அறுங்கள். அறுத்து விழுந்த துண்டுகளைத் தூக்கிப் போடாமல் பழைய இடத்தில் வைத்து டேப் சுற்றுங்கள், கட்டை மறுபடி சதுரமாகிவிடும், பக்கத்துப் படமும் அழியாமல் இருக்கும். இப்போது கட்டையைத் திருப்பிப் பக்கத் தோற்றத்தை அறுங்கள். டேப்பைப் பிரித்தால் உள்ளே ஆள் நிற்பார். மூலை மூலையாக, முரடாக, ஆனால் ஆள். கத்திக்கு மிச்சம் இருப்பது மூலைகளை உருட்டுவது மட்டும்தான். பாதி வேலை ரம்பத்திலேயே முடிந்துவிடும் என்பதால் எனக்கு இந்த முறை ரொம்பப் பிடிக்கும்.

கத்தி ஒன்று போதும், 4 சென்டிமீட்டர் அலகு, கைக்குப் பொருந்தும் பிடி. பன்னிரண்டு உளி கொண்ட பெட்டியை வாங்க வேண்டாம், அதில் பத்தைத் தொடமாட்டீர்கள். அதற்குப் பதிலாகத் தோல் பட்டை ஒன்றில் பாலிஷ் பசை தடவி, அரை மணிக்கு ஒருமுறை கத்தியைத் தீட்டுங்கள். மழுங்கிய கத்திதான் கையை வெட்டும், ஏனென்றால் அதை அழுத்த வேண்டியிருக்கிறது, அழுத்தினால் வழுக்குகிறது. மரத்தைப் பிடிக்கும் கையில் வெட்டுப்படாத கையுறை, கத்தி பிடிக்கும் கையின் கட்டைவிரலில் தோல் உறை. கத்தி போகும் பாதையில் விரலோ தொடையோ இருக்கக் கூடாது. மடியில் வைத்துச் செதுக்கவே வேண்டாம், தொடையின் உள்பக்கத்தில் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது.

வெட்டும் முறை அதிகம் இல்லை. எங்கே நிற்க வேண்டுமோ அங்கே முதலில் செங்குத்தாக ஒரு தடுப்பு வெட்டு, பிறகு அதை நோக்கிச் சாய்வாக ஒரு சீவல். சீவல் அந்தத் தடுப்பில் வந்து உதிர்ந்துவிடும். கழுத்து, இடுப்பு, முக்காட்டின் ஓரம், எல்லாம் இந்த ஜோடிதான். நாருக்கு எதிராகப் போனால் மரம் பிளந்து உள்ளே இறங்கும், அப்படி ஒரு சத்தம் கேட்டதும் நிறுத்திக் கட்டையைத் திருப்பி மறுபக்கத்திலிருந்து வாருங்கள். குழந்தையைச் செதுக்க மட்டும் ஒரு நீளக் குச்சியின் நுனியை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றரை சென்டிமீட்டர் துண்டைக் கையில் பிடித்துச் செதுக்கவே முடியாது. குச்சியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு எல்லாம் முடிந்த பிறகு அறுத்தெடுங்கள். குழந்தையைத் தொட்டியோடு ஒட்டிவிடாதீர்கள், டிசம்பர் 24 இரவுதான் வைப்போம் என்கிறவர்கள் நிறைய.

இப்போது முகத்துக்கு வருவோம். முகம் வேண்டாம் என்றேன், ஆனால் அங்கே மொட்டையான ஒரு உருண்டையை விட்டாலும் நன்றாக இருக்காது. இதற்கு ஒரு தந்திரம் இருக்கிறது. முக்காட்டையும் தலைப்பாகையையும் கொஞ்சம் முன்னால் தள்ளி வையுங்கள். அதன் ஓரத்துக்குக் கீழே கத்தியை ஆழமாக விட்டு, நெற்றியை உள்ளே தள்ளுங்கள். முகத்தில் நடுவே ஒரு மெல்லிய மேடு, மூக்கு என்று சொல்லக்கூட முடியாத அளவுக்கு, இரண்டு பக்கமும் சற்றே சரிவு. மேலிருந்து வெளிச்சம் விழும்போது முக்காட்டின் நிழல் நெற்றியில் இறங்கும், மேட்டின் நிழல் கன்னத்தில் விழும், பார்க்கிறவரின் மனசே கண்ணையும் வாயையும் போட்டுக்கொள்ளும். அதிலும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பாவனையைச் சொல்வார்கள். வரைந்த முகத்தில் அது நடக்காது.

இன்னொன்று, எல்லாம் முடிந்த பிறகும் ஆள் விறைப்பாகத் தெரிந்தால் பொம்மையின் அடியை மூன்று நான்கு டிகிரி சாய்வாகத் தேய்த்துப் பாருங்கள். மொத்த உடம்பும் தொட்டியை நோக்கிச் சாயும். அதிகம் சாய்த்தால் குப்புற விழுவார், அதனால் அடிப்பாகத்தை அங்கியின் கீழ் விளிம்பாக அகலமாக விட்டிருப்பது நல்லது.

உப்புத்தாள் விஷயத்தில் ஆளுக்கொரு கருத்து. எனக்கு அங்கியின் மேல் கத்தி விட்ட பட்டைகள் அப்படியே தெரிய வேண்டும், தோலும் குழந்தையும் மட்டும் 180, 240 எண் தாளில் தேய்த்து வழவழப்பாக. எப்படியானாலும் செதுக்கல் முழுவதும் முடிந்த பிறகே தாளை எடுங்கள். தாளின் மணல் மரத்துக்குள் பதிந்துகொள்ளும், திரும்பக் கத்தி வைத்தால் முனை போய்விடும்.

வண்ணம் பூசுகிறவர்கள் அக்ரிலிக்கைத் தண்ணீர் மாதிரி கரைத்துப் பூசுங்கள், நார் தெரியட்டும். பூசாமலே விடுவதும் நல்ல யோசனைதான். பெத்லகேமில் ஒலிவ மரத்தில் செய்யும் குடில்களுக்கு வண்ணமே கிடையாது, மரத்தில் இயல்பாக ஓடும் பழுப்பும் மஞ்சளுமே போதுமானதாக இருக்கிறது. கவாத்து செய்த கிளைகளைத்தான் பெரும்பாலும் எடுப்பார்கள், மரத்தை வெட்டுவதில்லை. அப்படி விட்டால் மேலே ஆளிவிதை எண்ணெய் ஒரு கை. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள், இதை மட்டும் தயவுசெய்து கேளுங்கள். அந்த எண்ணெய் காயும்போது காற்றோடு சேர்ந்து சூடாகும், சுருட்டிய துணியில் சூடு வெளியேறாமல் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் முக்கிவிடுங்கள்.

நடுவில் கொஞ்சம் சரித்திரம். 1223-இல் இத்தாலியின் கிரேச்சோவில் புனித பிரான்சிஸ் குடில் வைத்தார் என்று எல்லாரும் சொல்வார்கள், அதில் சிலை எதுவும் கிடையாது, தொட்டி, வைக்கோல், உயிருள்ள மாடும் கழுதையும்தான். மரத்தில் இன்றைக்கும் பார்க்கக் கிடைக்கும் மிகப் பழையவற்றில் ஒன்று பொலோனியாவின் புனித ஸ்தேவான் ஆலயத்தில் இருக்கிறது, 13-ஆம் நூற்றாண்டின் கடைசி, ஆளுயர உருவங்கள். ஆனால் வீட்டில் செதுக்குகிற நமக்கு முக்கியமான வருடம் 1782 என்று நான் நினைக்கிறேன். அந்த வருடம் ஆஸ்திரியாவை ஆண்ட பேரரசர் இரண்டாம் ஜோசப், இதெல்லாம் விளையாட்டுத்தனம் என்ற எண்ணத்தில், தேவாலயங்களில் குடில் வைக்கத் தடை போட்டார். குடில் ஒழியவில்லை. கோயிலிலிருந்து கிளம்பி விவசாயிகளின் வீட்டுக்குள் வந்துவிட்டது, பனிக்காலத்தில் வேலையில்லாத கைகள் செதுக்கத் தொடங்கின. தடை பிறகு விலகியது, வீட்டுக் குடில் மட்டும் விலகவில்லை.

தொழுவத்தை எப்போதும் கடைசியில் கட்டுங்கள், ஆட்களின் உயரம் தெரிந்த பிறகு. அடிப்பலகை 40க்கு 25 சென்டிமீட்டர் இருந்தால் முழுக் குடும்பமும் ஆடும் கழுதையும் அடங்கும். முன்பக்கமும் ஒரு பக்கவாட்டும் திறந்தே இருக்கட்டும். கூரைக்கு மரப்பட்டை நன்றாக இருக்கும், ஆனால் அதில் பூச்சி இருக்கும், சில நாள் ஃப்ரீசரில் வைத்து எடுங்கள். ஆட்களை வரிசையாக நிறுத்தாமல் அரைவட்டத்தில், உயரமானவர்கள் பின்னால், மண்டியிட்டவர்கள் ஓரத்தில் முன்னால். பார்க்கிறவர் நிற்கும் பக்கம் ஓர் ஆள் இடைவெளி விட்டால் அரைவட்டத்தை அவரே மூடிவிடுவார். விளக்கு சின்ன எல்ஈடி ஒன்று, மஞ்சள் வெளிச்சம், கூரை உத்தரத்தின் பின்னால் மறைத்துத் தொட்டியின் மேல் விழும்படி. மெழுகுவர்த்தி கூடாது, உள்ளே இருப்பதெல்லாம் எண்ணெய் ஊறிய மரமும் காய்ந்த வைக்கோலும். பல வண்ணத்தில் மின்னும் சரம் வேண்டவே வேண்டாம், கஷ்டப்பட்டு வரவழைத்த நிழல் எல்லாம் அதில் போய்விடும்.

எடுத்து வைக்கும்போது ஒவ்வொன்றையும் பருத்தித் துணியில் சுற்றி அட்டைப்பெட்டியில் வையுங்கள். பிளாஸ்டிக்கில் இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சை பிடிக்கும். வைக்கோலை மட்டும் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த வருடம் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம், பூச்சி வருவது பெரும்பாலும் அதன் வழியாகத்தான்.